முகம் மடக்காத சபை

கொள்ளிடம் கடலைத் தொடும் முகத்துவாரத்தில், இது ஆறா கடலா என்று நீரே தடுமாறும் அந்தி நேரம். மேலைவானம் உருக்கி வார்த்த செம்பொன், அலைகளின் முதுகில் நெளிந்து நெளிந்து வந்து தில்லை மரக் காடுகளின் வேர்களில் மோதிக் கரைந்துகொண்டிருந்தது. கீழ்த்திசையில் முழுநிலா, அப்போதுதான் உலையிலிருந்து எடுத்த வெள்ளித் தாம்பாளம் போலச் சற்றே சிவந்து எழுந்தது. நாரைக் கூட்டம் ஒன்று அந்த நிலாவின் குறுக்கே பறந்து வந்து, நீலத்திட்டுக் கோட்டையின் மதிலைக் கண்டதும் என்ன நினைத்ததோ, வரிசை கலைந்து வடக்கே திரும்பிவிட்டது.

பறவைகளுக்கு இருந்த அறிவு நமக்கு இல்லை, வாசகர்களே! நாம் அந்தக் கோட்டைக்குள்ளேதான் போகப்போகிறோம். ஆகவே மேலாடையின் நுனியை இப்போதே மூக்கருகில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களாகவே அந்த அரண்மனையில் ஒரு நாற்றம் குடிபுகுந்திருந்தது. மல்லிகைச் சரங்களுக்கு அடியிலும் அகிற்புகைக்கு அடியிலும் புனுகுக்கு அடியிலும் அது படுத்திருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்து ஒருமுறை முகம் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. இனிப்பும் அழுகலும் கலந்த நாற்றம். "சுவருக்குள்ளே பெருச்சாளி செத்துக் கிடக்கிறது" என்று தளவாய் கோனேரியார் அறிவித்துவிட்டார். தளவாய் பெருச்சாளி என்றால் அது பெருச்சாளிதான். எல்லோரும் விசிறியை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு புன்னகை செய்தார்கள்.

அந்த விசிறிகளைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஒல்லாந்தர் கப்பல்கள் சீனத்துப் பட்டோடும் பீங்கானோடும் மடக்கு விசிறிகளையும் நாகப்பட்டினத்தில் இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. தந்தத்தைச் சன்னமான தகடுகளாகச் சீவி, ஒரு முனையில் ஆணியிட்டு, மேலே மெல்லிய தோலை மடிப்பு மடிப்பாக ஒட்டி, அதில் வண்ணச் சித்திரம் எழுதியிருப்பார்கள். கையை ஒருமுறை உதறினால் மயில் தோகை போல விரியும். மறுமுறை உதறினால் ஒரு கோலாகச் சுருங்கும், இடுப்பில் செருகிக்கொள்ளலாம். மற்ற ஊர்களின் செல்வர்கள் அவற்றில் கிளியும் கொடியும் எழுதிக்கொண்டார்கள். நீலத்திட்டில் மட்டும் ஒரே ஒரு சித்திரம்தான். மன்னர் முத்துக்குடை முனையதரையரின் முகம்.

பெரியம்மை கண்டு பிழைத்த மன்னர், தழும்பேறிய தம் முகத்தைச் சபையினர் பார்ப்பதற்குக் கூசி, தம்முடைய பழைய அழகு முகத்தை ஒரு விசிறியில் எழுதச் செய்து அதன் பின்னே அமர்ந்தார். அதில் ஒரு துயரம் இருந்தது. நாம் நகைக்க வேண்டாம். ஆனால் அடுத்த வாரமே தளவாய் கோனேரியார் அதே முகத்தைத் தம் விசிறியிலும் எழுதிக்கொண்டு வந்து, "மன்னரின் திருமுகம் விளங்கும் இடத்தில் அடியேனின் இழிமுகம் எதற்கு?" என்று குழைந்தார் பாருங்கள், அங்கேதான் குமட்டல் தொடங்கியது. ஒரு மாதத்துக்குள் அந்தச் சபையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மீசை, ஒரே மூக்கு, ஒரே மந்தகாசம். பிறகு சட்டமும் வந்தது: சபையில் விசிறியை மடக்கினால் மன்னரின் முகத்தை முறித்த குற்றம், தண்டனை, வலக்கை. மடக்கும் உரிமை மன்னர் ஒருவருக்கே.

பிசின் கலந்து எழுதிய வண்ணம் ஆற்றங்கரை ஈரத்தில் இளகிவிடும். சபை கலைந்து வீடு திரும்பும் பெருமக்களின் மூக்கு நுனியில் மன்னரின் மீசைக் கருப்பு ஒட்டியிருக்கும். அதைத் துடைத்துக்கொள்ள வேண்டாமா? துடைக்க மாட்டார்கள். கடைவீதி வழியாக, எல்லோரும் பார்க்கும்படி, மெல்ல நடந்து போவார்கள்.

நம் கதை தொடங்கும் அந்தியில், கோட்டையின் நீர்வாயிற் படித்துறையில் ஒரு பெண் ஆற்றுமணலை அள்ளி அள்ளித் தன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பதினேழு வயது. மன்னரின் ஒரே மகள், அஞ்சுகவல்லி நாச்சியார். இன்னும் சிறிது நேரத்தில் விளக்கேற்றியதும், மன்னர் சபையிலே அவளைத் தளவாய் கோனேரியாருக்குத் தாரை வார்த்துக் கொடுக்கப்போகிறார் என்று அன்று காலைதான் பறையறைந்திருந்தார்கள். கோனேரியாருக்கு அவள் தந்தையின் வயது. பேசும்போது வெற்றிலைச் சாறு கடைவாயில் வழியும். அதை நாக்கால் உள்ளே இழுத்துக்கொள்வார்.

"நாச்சியாரே, தோலு உரியுது, விடுங்க!" என்று அவள் கையைப் பிடித்தாள் தோழி செவத்தாள்.

"உரியட்டும்டி. செவத்தா, ஒன்னு சொல்றேன், கத்திடாத. எனக்குப் பயமா இருக்கு. மத்தியானம் அப்பாவப் பாக்க விட்டாங்கல்ல?"

"ஆமா. இத்தன நாளு காய்ச்சல்னு கதவ சாத்தி வச்சிருந்தாங்களே."

"நான் உள்ள போனா அப்பா மொதல்ல விசிறிய மடக்கிருவாரு. 'ஒனக்கு முன்னால எனக்கு எதுக்கும்மா இந்த வேஷம்'னு சிரிப்பாரு. இன்னைக்கி மடக்கல. கால்ல விழுந்தேன். அப்பா பொறங்கால் பூராவும் தழும்பு, எறும்பு அரிச்ச பலக மாதிரி. நான்தானே வேப்பெண்ணெ தடவி விட்டேன்? இந்தக் காலு வழவழன்னு இருக்குடி! குதிகால் மட்டும் வெடிச்சுக் கெடக்கு. அதுல புனுகு பூசியிருக்கான். அந்தக் கால்ல என் நெத்தி பட்டிருச்சு..." என்று சொல்லி மறுபடி மணலை அள்ளினாள்.

செவத்தாளின் முகம் வெளிறியது. "வெடிச்ச குதிகாலா? நாளெல்லாம் கல்லுத் தரையில நிக்கிறவனுக்குல்ல அப்படி வெடிக்கும்! நாச்சியாரே, நம்ம தலைமைக் கட்டியக்காரரு உலகுய்யன், காசிக்குப் போயிட்டாருன்னு தளவாய் சொன்னாரே? அவரு பொண்டாட்டி ஒப்பாரி வைக்கிறா. சொல்லிக்காம போயிட்டாராம். செருப்பு வாசல்லயே கெடக்குதாம். செருப்பில்லாம யாராச்சும் காசிக்கு நடப்பாங்களா?"

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். கட்டியக்காரன் என்பவன் மன்னரின் விருதுகளைக் கூவி வரவை அறிவிப்பவன். நீலத்திட்டின் வழக்கப்படி கோட்டை வாயிலில் ஒருவன் விருதைக் கூவுவான், சபைக்குள்ளே தலைமைக் கட்டியக்காரன் இடுப்பு வளைய வணங்கி "பராக்!" என்று எதிர்க்குரல் கொடுப்பான். உலகுய்யன் தன் இளமை தொட்டு அந்த வேலையைச் செய்துவந்தவன்.

"மன்னிக்கணும். தண்ணிமேல பேச்சு வழுக்கிக்கிட்டு வந்துருது."

படித்துறையின் நிழலில் ஒரு சிறு படகு. அதில் விசிறிப் பெட்டிகளுக்கு நடுவே ஓர் இளைஞன் எழுந்து நின்றான். நாகப்பட்டினத்திலிருந்து விசிறி கொண்டுவந்து விற்கும் தீத்தாரப்பன். இரண்டு ஆண்டுகளாக அரண்மனைக்கு வந்துபோகிறவன். வரும்போதெல்லாம் நாச்சியாரைப் பார்த்துவிட்டு உடனே வேறெங்கோ பார்ப்பவன்.

"ஒட்டுக் கேட்டீரா?" என்று சீறினாள் அஞ்சுகவல்லி.

"கேட்டேன். கேட்டதுக்குப் பதிலா நான் கண்டதையும் சொல்லிடுறேன். தளவாய் இந்தத் தடவ விசிறிக்கெல்லாம் புனுகு ஊத்தி எடுத்தாரச் சொன்னாரு. அதோட கர்ப்பூர மூட்ட. உப்பளத்துலேருந்து உப்பும் படகு படகா வந்துச்சு. எல்லாம் அரண்மனை நிலவறைக்குப் போச்சு. அடுப்படிக்குப் போகல, நாச்சியாரே. ஊறுகா போட நிலவறை எதுக்கு?"

காற்று திரும்பியது. அந்த நாற்றம் மதிலின் புழை வழியாக இறங்கி வந்து மூவரையும் தொட்டது.

அஞ்சுகவல்லி படியில் மண்டியிட்டாள். வயிற்றில் இருந்ததெல்லாம் ஆற்றில் விழுந்தது. இல்லாததும் விழப் பார்த்தது. "பெருச்சாளின்னாங்களே" என்று மூச்சுக்கிடையே சொன்னாள். "இத்தன நாளா நான் மூச்சு வாங்கினது... செவத்தா, நான் மூக்கப் பொத்திக்கிட்டேன்டி. எங்கப்பாவுக்கு மூக்கப் பொத்திக்கிட்டேன்."

தளவாயின் சூழ்ச்சி இப்போது வெட்டவெளிச்சம். மன்னர் இறந்தார் என்று அறிவித்தால், கோட்டைக் காவலர் தலைவர் மழவராயச் சேர்வையும் அவருடைய வீரர்களும் மன்னரின் மகளைத்தான் பின்தொடர்வார்கள். மன்னரே தம் கையால் தாரை வார்த்துவிட்டாலோ, கோனேரியார் மருமகன். மறுநாள் மன்னர் 'காலமானால்' கோட்டை அவருடையது. அதுவரை பிணம் உப்பில் கிடக்கட்டும். விசிறிக்குப் பின்னால் வேறொருவன் உட்காரட்டும்!

"சேர்வைகிட்ட ஓடிச் சொல்லிரலாம்" என்றாள் செவத்தாள்.

"சேர்வை மன்னர் வாக்கத் தவிர எதுக்கும் அசைய மாட்டாரு. விசிறிய எறக்கிப் பாருங்கன்னு யாரு சொல்லுவா? மன்னர் விசிறியத் தொட்டவன் கை போயிரும். பொண்ணுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு தளவாய் கதவ சாத்திருவான்." அஞ்சுகவல்லி வாயைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "விசிறிக்காரரே, கூவி விக்கிறவருக்குத் தொண்டை நல்லா இருக்குமே?"

"கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கேக்கும்."

அவள் அவன் அருகே குனிந்து ஏதோ சொன்னாள். அது என்ன என்பதை இப்போதே சொல்ல நமக்கு மனமில்லை. கேட்டு முடித்த தீத்தாரப்பன் முதலில் விழித்தான். பிறகு சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். "காவக்காரங்க புடிச்சா என் தோல உரிச்சு விசிறி பண்ணிருவாங்க. நான் யாருன்னு நீங்க கேக்கவே இல்லியே?"

"கேட்டா பொய் சொல்லுவீரு. இன்னைக்கி இன்னொரு பொய்ய என்னால தாங்க முடியாது."

அவன் தலைகுனிந்தான். பிறகு ஒரு பெட்டியின் அடியிலிருந்து விசிறி ஒன்றை எடுத்து நீட்டினான். விரித்துப் பார்த்தாள். வெறும் வெள்ளை. "இதுல யாரு மொகமும் கெடையாது. புனுகும் ஊத்தல. மத்ததெல்லாம் என்ன தோலு தெரியுமா? பொறக்காத ஆட்டுக்குட்டிய வயித்தக் கிழிச்சு எடுத்த தோலு. அதத்தான் உங்க சைவப் பெருமக்கள்லாம் மூஞ்சில வச்சுத் தேய்க்கிறாங்க. இது தாழம்பட்டையில செஞ்ச காகிதம். உங்களுக்குன்னு... ரொம்ப நாளா வச்சிருந்தேன்."

*

சபா மண்டபத்தில் பாவை விளக்குகள் எரிந்தன. புனுகும் பன்னீரும் வெற்றிலை எச்சிலும் வியர்வையும் அந்த நாற்றமும் ஒன்றாகக் குழைந்து நின்றன. தூண்தோறும் மன்னர், விளக்குதோறும் மன்னர், பட்டுடுத்திய உடல்களின் மேல் ஒட்டவைத்த ஒரே முகம், இமைக்காமல், இளித்துக்கொண்டு. சிங்காதனத்தில், எல்லா விசிறிகளிலும் பெரியதன் பின்னே, அவன் அமர்ந்திருந்தான். படிக்கட்டின் அருகே உறையிட்ட வாளை ஊன்றி நின்றார் மழவராயச் சேர்வை; போர்முகத்தில் இரு கையும் வேண்டும் என்று சொல்லி விசிறிக்கு விலக்குப் பெற்றிருந்த ஒரே மனிதர்.

அஞ்சுகவல்லி வெள்ளை விசிறியோடு உள்ளே வந்தபோது சபை சலசலத்தது.

"நாச்சியார் திருக்கரத்தில் மன்னரின் திருமுகத்தைக் காணோமே!" என்றார் கோனேரியார், விசிறிக்குப் பின்னாலிருந்து. வெற்றிலைச் சாறு உள்ளிழுபடும் ஒலி கேட்டது.

"தந்தையாரின் முகம் என் நெஞ்சில் இருக்கிறது, தளவாயாரே. தோலில் எழுதிவைக்கும் தேவை எனக்கு நேரவில்லை."

"ஆகா! என்ன வாக்கு! என்ன வாக்கு!" என்று சபை முழுவதும் விசிறிகள் ஆடின.

பொற்கெண்டியில் நீர் வந்தது. தளவாயின் தடித்த கை, ஈரம் கசிந்த உள்ளங்கையோடு, அவள் கையின் கீழே வந்து நின்றது. சிங்காதனத்திலிருந்து கம்மிய குரல் எழுந்தது: "எம் மகளை... தளவாய்க்கு..." காய்ச்சலில் தொண்டை கட்டிவிட்டதாம்!

"தந்தையே, ஒரு விண்ணப்பம்" என்றாள் அஞ்சுகவல்லி. அவள் செவி வாயிற்புறம் இருந்தது. அங்கே ஓசை ஏதும் இல்லை. "தாரை வார்க்குமுன், என் தாயாரை நினைத்து ஒரு வார்த்தை வாழ்த்தியருள வேண்டும்."

"மன்னருக்குக் களைப்பு! நீரை வாருங்கள்!" என்று அவசரப்படுத்தினார் கோனேரியார்.

கெண்டி சாய்ந்தது. கெண்டி மூக்கின் விளிம்பில் நீர் திரண்டது. வரவில்லையே, அவன் ஓடிவிட்டானோ? விசிறி விற்கிறவனை நம்பி... என்று அவள் தவித்த அந்த வேளையில், கோட்டை வாயிலிலிருந்து, மதில்கள் அதிர, வௌவால்கள் கலைய, ஒரு குரல் எழுந்தது:

"கொள்ளிடம் காத்த கோமான்! முத்துக்குடை முனையதரையர்! அருள் மழை பொழிய வருகிறார்! வருகிறார்! வருகிறார்!"

மன்னர்தான் சபையிலேயே இருக்கிறாரே! சபையோர் திகைத்து வாயிலைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் சிங்காதனத்தில் இருந்தவன் திகைக்கவில்லை. திகைக்க அவனுக்கு நேரமில்லை. அவன் முதுகுக்குத் தெரிந்தது அவன் அறிவுக்குத் தெரியுமுன், அவன் துள்ளி எழுந்தான். இடுப்பு தானாக வளைந்தது. தலை முழங்காலைத் தொட்டது. கம்மல் நீங்கி, கணீரென்று, மண்டபத்தின் கூரை எதிரொலிக்க, அவன் தொண்டை திறந்துகொண்டது:

"பராக்! பராக்!"

விசிறி கல்தரையில் விழுந்து, சறுக்கி, அஞ்சுகவல்லியின் காலருகே வந்து நின்றது. வளைந்த முதுகோடு, மூக்கு நுனியில் மன்னரின் மீசைக் கருப்போடு, சிங்காதனத்தின் முன்னே வணங்கி நின்றான் கட்டியக்காரன் உலகுய்யன்.

தான் செய்தது என்ன என்பது அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. அப்படியே குனிந்த நிலையிலேயே அழத் தொடங்கினான். "மாட்டேன்னுதான் சாமி சொன்னேன்! தளவாய்தான் கழுத்துல கத்தி வச்சாரு. எனக்கு நிமிந்து உக்கார இடுப்பு வலிக்குது சாமி..."

"சூழ்ச்சி! வெளியாள் சூழ்ச்சி!" என்று கோனேரியார் பின்வாங்கினார். அப்போதும் விசிறியை இறக்கவில்லை. மழவராயச் சேர்வையின் வாள் உறையிலிருந்து வெளிவந்து அந்த விசிறியின் நடுவே, மன்னரின் இரு கண்களுக்கிடையே, துளைத்துச் சென்று தளவாயின் தொண்டைக்கு முன் நின்றது.

"நிலவறைத் திறவுகோல்" என்றார் சேர்வை.

காவலன் ஒருவன் நனைந்த உடையோடு ஓடிவந்தான். "தலைவரே, வாசல்ல கூவினது அந்த விசிறிக்காரன். புடிக்கப் போனோம், மதில்லேருந்து ஆத்துல குதிச்சுட்டான். அவன் நம்ம கோட்டை மேல கண்ணு வச்சிருக்கிற செஞ்சியோட ஒற்றனாம், தலைவரே! அவனே சொன்னான். நாச்சியாருக்குச் சேதி வேற."

"என்ன சேதி?" என்றாள் அஞ்சுகவல்லி.

"'மன்னர் போன செய்திய எடுத்துட்டுப் போறதுதான் என் வேலை. ஆனா ஆத்துல வெள்ளம் ஜாஸ்தி. சிதை அணையுற வரைக்கும் நான் செஞ்சிக்குப் போய்ச் சேர மாட்டேன்'னு சொல்லச் சொன்னான். வெள்ளமே இல்லியே, நாச்சியாரே? ஆறு அமைதியாத்தானே ஓடுது."

அவள் வெள்ளை விசிறியை இடுப்பில் செருகிக்கொண்டாள். கண்ணோரம் ஏதோ மின்னியது. அதைப் பற்றி நாம் இப்போது பேச வேண்டாம்.

நிலவறையிலிருந்து கட்டில் மேலே வந்தது. வாசகர்களே, பொத்திக்கொள்ளுங்கள் என்றுதான் தொடக்கத்தில் சொன்னேன். பொத்திக்கொள்ளாதவள் ஒருத்திதான். உப்பு கட்டிகட்டியாகக் காய்ந்து, கர்ப்பூரத்தையும் தோற்கடித்து, பெருச்சாளி என்று பெயர் பெற்றிருந்த அந்த உண்மை சபையின் நடுவே இறக்கப்பட்டது. உடனே சபை முழுவதும் விசிறிகள் மூக்குக்கு ஏறின. செத்துக் கிடந்தவரைச் சுற்றி, அவருடைய அழகு முகங்கள் வட்டமாக நின்று அருவருத்தன.

"மடக்குங்கள்" என்றாள் அஞ்சுகவல்லி.

ஒருவரும் மடக்கவில்லை. "சட்டம்..." என்று எங்கிருந்தோ ஒரு முனகல். "மடக்கும் உரிமை மன்னருக்கு மட்டுமே..."

அவள் குனிந்து, காலருகே கிடந்த தந்தையின் விசிறியை எடுத்தாள். பிசுபிசுத்த அந்தத் தோலைத் தொட அவள் விரல்கள் கூசின. சபையின் நடுவே அதை உயர்த்திப் பிடித்து, தகடு தகடாக, கண் கண்ணாக, மீசை மீசையாக, மெல்ல மடக்கினாள். 'டக்' என்று கடைசித் தகடு சேர்ந்தது.

மழவராயச் சேர்வை அவளைப் பார்த்தார். வாளைத் தளவாயின் கழுத்திலிருந்து எடுக்காமலே, ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக, பிறகு எல்லாமாக, காய்ந்த பனையோலைக் காட்டில் காற்றடித்தாற்போல் அந்தச் சபையின் விசிறிகள் மடங்கின. பின்னாலிருந்து வெளிப்பட்டவை முகங்களா? கருப்பு அப்பிய மூக்குகளும், வெற்றிலைக் கறையும், வெளிச்சம் கண்டு கூசும் கண்களும்தான்.

"எந்தையின் சிதைக்கு நானே தீ வைப்பேன்" என்றாள் அந்தப் பதினேழு வயதுப் பெண். "அந்தத் தீயில் இந்த விசிறிகள் அனைத்தும் விழும். அதன் பின் இந்தக் கோட்டையில் என் முகத்தை எழுதிப் பிடிப்பவன் எவனாயினும், அவனை நான் தளவாயை அடைக்கும் சிறையின் பக்கத்து அறையில் வைப்பேன். இது என் ஆணை. நான் வாழும் வரை இது என் விரதம்."

பிறகு கட்டிலருகே மண்டியிட்டாள். உப்புப் படிந்த அந்தப் பாதங்களில் எறும்பு அரித்த பலகை போன்ற தழும்புகள் இன்னும் இருந்தன. மணலால் தேய்த்துப் புண்ணாகியிருந்த தன் நெற்றியை அவற்றின் மேல் வைத்தாள், மூச்சை ஆழமாக உள்ளே இழுத்தாள், முகத்தைத் திருப்பவில்லை.